பத்து மணியில் ஒரு புள்ளி

கருவிழியைக் கடிகாரமென்று வைத்துக்கொள்ளுங்கள்.
பத்து மணி இருக்குமிடத்தில்
ஒரு புள்ளி வெளிச்சம் வேண்டும்.
ஒன்றே ஒன்று.
இரண்டானால் அது பொய் சொல்கிற கண்.
இல்லாமலே போனால்?
"செத்த மீனு" என்றாள் ஏகவள்ளி,
யாரும் அவளைக் கேட்காமலே.

காசிமேட்டு ஏலத்தில் இருபது வருஷம் நிற்கிறாள்.
செவுளைத் தூக்கிப் பார்ப்பதெல்லாம் அப்புறம்தானாம்,
முதலில் கண்.
பளபளத்தால் நேற்று ராத்திரி வலை.
பால் கட்டியிருந்தால்
ஐஸில் நாலு நாள்.
டைரக்டர் இதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

எர்ணாவூர் குடியிருப்பின் மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவே
அவளை உட்காரவைத்து
நூறு எம்எம் லென்ஸை முகத்தருகே கொண்டுபோனோம்.
கடலுக்குப் போனவன் திரும்பாத இரவு, கதையில்.
நிஜக் கடல் அவள் முதுகுக்குப் பின்னால் இரைந்தது.
இடவசதிக்காக மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.
க்ளோசப்பில் திசை யாருக்குத் தெரியும்?

முதலில் எல்இடி பேனல்.
விழிக்குள் சதுரமாய் ஒரு ஜன்னல் திறந்தது.
"மொட்டைமாடியில ஏதுய்யா ஜன்னல்?"
அணைத்தேன்.

வட்ட விளக்கு.
கண்ணுக்கு வளையல் மாட்டியதுபோல் இருந்தது.
செல்போனில் லிப்ஸ்டிக் விற்கிற பெண்களுக்குச் சரி,
இவளுக்கு ஆகாது.

டியூப்லைட்டைக் குறுக்கே பிடித்தான் எட்டியப்பன்.
பிளேடு கிழித்த கோடு.

தெர்மாகோலில் அடித்துத் திருப்பினேன்.
கஞ்சி கொட்டியதுபோல் பரவி
கறுப்பின் ஆழமே போயிற்று.

கடைசியில் அவளுடைய அலுமினியத் தட்டைக் கேட்டு வாங்கி
தண்ணீர் ஊற்றி
அடியில் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் போட்டு
சின்ன விளக்கொன்றைச் சாய்த்தேன்.
விழியில் ஒளி நடுங்கியது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.
"நல்லாத்தான் இருக்கு,
ரொம்ப நல்லா இருக்கு, அதான் பிரச்சனை."
பதினேழு வருட வேலையில்
இப்படியொரு குறையை நான் கேட்டதில்லை.

ரெண்டு இருபதுக்கு ஜெனரேட்டர் இருமி நின்றது.
டீசலுக்குப் போன பையன்
எண்ணூர் சாலையில்
கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குள் எங்கோ இருந்தான்.
விளக்குகள் எல்லாம் போயின.
கேமரா மட்டும் பேட்டரியில்.

"யாரும் அசையாதீங்க."
ஃபோகஸ் பார்க்கும் ரெபேக்காள் கிசுகிசுத்தாள்.
மானிட்டரில், பத்து மணியில்,
ஆரஞ்சாய் ஒரு புள்ளி.
எழும்பி, தணிந்து,
காற்றுக்குச் சாய்ந்து,
மறுபடி எழும்பி.

திரும்பிப் பார்த்தேன்.
மணலி ஆலையின் குழாய் உச்சியில்
வாயு எரிந்துகொண்டிருந்தது.
நான் வைக்காத விளக்கு.

நாலு நிமிஷம் ஓடவிட்டார் டைரக்டர்.
கட் சொல்லும்போது அவருக்குக் குரல் வரவில்லை.

"அதுவா?" என்றாள் ஏகவள்ளி, கழுத்தைத் திருகிக்கொண்டு.
"அது பெருசா எரிஞ்சா நாங்க ஜன்னலச் சாத்திக்குவோம்.
எம்பொண்ணு ராவெல்லாம் கண்ணக் கசக்கிக்கினே கெடப்பா.
அத அழகுன்னு ஒருத்தர் சொல்லி
இன்னிக்குத்தாம்பா கேக்கறேன்."

யாரும் பதில் சொல்லவில்லை.
ரெபேக்காள் காட்சியை நிறுத்திப் பெரிதாக்கினாள்.
சுடருக்குக் கீழே தூசியளவு வெள்ளை.
தெர்மாகோலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி
சரணடைந்தவன் மாதிரி
நான்.
"கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கலாம்" என்றார்கள்.
அழிக்கட்டும்.
அந்த நெருப்பை அழிக்கச் சொல்லி
யாரும் சொல்லவில்லை என்பதையும்
கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

விடிகிற நேரம்.
கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தவனிடம் வந்தாள்.
"இது உங்களுக்கு வேணுமா?
நண்டுக் கூடைக்கு மூடியாவும்."
ஓரம் உடைந்த அந்த வெள்ளைப் பலகையைத்
தலையில் வைத்துக்கொண்டு
நாலு மாடி இறங்கினாள்.
ஒவ்வொரு திருப்பத்திலும்
படிக்கட்டுச் சுவர் கொஞ்சம் வெளுத்தது.

சாமான் கணக்கில் எழுதினேன்:
தெர்மாகோல் ஒன்று.
உடைந்தது.